மாமியும் சேவலும் பெற்றோல் மிச்சம் பிடிக்கும் பெட்டியும்

விளம்பரத்தை நம்பி ஏமாறுகிறவர்களில் படித்தவன்தான் மோசமானவன். படிக்காதவன் பொருளை மட்டும் நம்புவான். படித்தவன் அதோடு வருகிற துண்டுப்பிரசுரத்தையும் முழுக்க வாசித்து, முக்கியமான இடங்களில் அடிக்கோடிட்டு, அதற்குப் பிறகு நம்புவான். நான் நன்றாகப் படித்தவன்.

அரசாங்கக் கந்தோரில் சாதாரண இலிகிதராக நுழைந்து பிரதம இலிகிதராக வெளியே வந்தவன். எந்தக் கோவை எவரிடமிருந்து எவரிடம் போக வேண்டும், ஒரு நாற்காலியின் கால் முறிந்தால் அது முறிந்துவிட்டது என்பதை அரசாங்கம் ஏற்றுக்கொள்வதற்கு எவரெவர் வந்து பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் பல்பு மாற்றுவதென்றால் முதலில் பழைய பல்பைப் பரிசோதித்து, அது உண்மையிலேயே பழுதுதான் என்று உரக்க அறிவித்த பின்புதான் கழற்றுவேன். (கழற்றுவதற்குள் என் மனைவி புதியதைப் போட்டுவிடுவாள். அது வேறு கதை.)

இப்படிப்பட்ட நான், எழுபதுகளில் பெற்றோல் விலை திடீரென்று ஏறிய காலத்தில், காரில் பூட்டினால் பெற்றோல் மிச்சமாகும் என்று சொல்லப்பட்ட ஒரு மின்சாரப் பெட்டியை வாங்கினேன். அதனால் என்ன மிச்சமானது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வீடு பெண்ணுக்குரியது. அப்படி நாவற்குடாவில் என் மனைவி பரமேஸ்வரியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவன் நான். மாமியும் மருமகனும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், அந்தக் காலத்தில் மரியாதைக்காக இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டையெல்லாம் இல்லை. மிகுந்த அன்போடுதான் பேசாமல் இருப்பார்கள். சொல்ல வேண்டியதை மகள் மூலம் சொல்வார்கள். மகள் பக்கத்தில் இல்லாவிட்டால், இருக்கிற ஏதாவது பொருளிடம் சொல்வார்கள்.

என் மாமி இந்தக் கலையில் கைதேர்ந்தவர். “இந்த அம்மிக்குத் தேத்தண்ணி ஆறிப்போறது தெரியல்ல போல,” என்று அம்மியைப் பார்த்துச் சொன்னால் நான் உடனே போய்த் தேநீர் குடிக்க வேண்டும். “தூணே, நாளைக்கு மழ வரும், குடை எடுத்துக்கொண்டு போ,” என்றால் நான் குடை எடுத்துக்கொண்டு போவேன். பதில் சொல்ல வேண்டி வந்தால் நானும் பத்திரிகையைப் பார்த்தோ கூரையைப் பார்த்தோ சொல்வேன். இப்படியே சில வருடங்கள் எங்கள் குடும்பம் மிகவும் சுமுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

மாமா ஒரு போடியார், அதாவது பெரிய நிலக்காரர். வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூரில், அவருக்குச் சொந்தமாக வட்டை என்கிற பெரிய வயல்வெளி ஒன்றே இருந்தது. நாவற்குடா வீட்டில் ஒரு கரும்பச்சை மொறிஸ் மைனர் கார் இருந்தது. மாமாவுக்குப் பார்வை மங்கியபின் நான்தான் ஓட்டினேன். ஆனால் காரின் உண்மையான சொந்தக்காரி மாமிதான். பின்சீட்டின் இடப்பக்க மூலை அவருடையது. அங்கே வேறு எவரும் உட்கார்ந்தால், “சீற்றே, உனக்கு இண்டைக்குச் சுகமில்லையா?” என்று கேட்பார். உட்கார்ந்தவர் எழும்பிவிடுவார்.

பெற்றோல் விலை ஏறிய மாதம், ஒருநாள் மத்தியானம் சோற்றில் கைவைத்தபடியே மாமா அறிவித்தார்.

“காரக் குடுக்கப் போறன். ஏறாவூர் முதலாளி ஒருத்தர் கேட்டிரிக்கார்.”

மாமியின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. “என்னத்துக்கு?”

“பெற்றோல் விக்கிற விலைக்கு, இதுக்கு வாக்கிறதவிட எருமைக்குப் புண்ணாக்கு வாங்கிப் போடலாம். எருமை பாலாவது தரும்.”

“அப்ப, மண்டூர்க் கோயில் தீர்த்தத்துக்கு நான் எருமையில ஏறியா போற?”

“சனமெல்லாம் பஸ்ஸில போகல்லியா?”

மாமி அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு எழும்பிப் போனார். அந்த வருடம் மண்டூர் முருகனுக்கு ஒரு சேவல் நேர்ந்து வளர்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு வந்த கடும் காய்ச்சல் மாறினால் கொடுப்பதாக வைத்த நேர்த்தி. காய்ச்சல் மாறி எழும்பிய மனிதர்தான் இப்போது காரை விற்கப் போகிறார். அன்று பின்னேரம் மாமி முற்றத்தில் குந்தியிருந்து சேவலுக்கு நெல் போட்டபடி, “நேர்ந்தது தப்பாப் போச்சு சாவலே,” என்று சொல்வது என் காதில் விழுந்தது. அது எனக்காகச் சொன்னதல்ல. உண்மையாகவே சேவலுக்குச் சொன்னது.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. காரை விற்காமல் காப்பாற்றித் தருவது என் பொறுப்பு என்று பரமேஸ்வரியிடம் சொல்லி அனுப்பினேன். அவள் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

“அம்மா என்ன சொன்னா?”

“ஒண்டும் சொல்லல்ல. உங்களுக்கு ராவைக்கு முட்டை பொரிக்கச் சொன்னா.”

முட்டைப் பொரியல் எங்கள் வீட்டில் லேசாகக் கிடைப்பதில்லை. அதைச் சாப்பிட்டவன் பின்வாங்க முடியாது.

அடுத்த வாரம் கந்தோர் வேலையாகக் கொழும்புக்குப் போனபோது புறக்கோட்டையில் ஒரு கூட்டத்தைக் கண்டேன். நடுவில் கோட்டு அணிந்த ஒருவர் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பிளக்குகள் இரண்டை மேசையில் வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். சாதாரணமாகக் கரண்ட் கொடுத்தால் முதலாவது பிளக்கில் மெல்லிய மஞ்சள் பொறி, பூனை முடி மாதிரி. இரண்டாவதைச் சிறிய கறுப்புப் பெட்டி ஒன்றின் ஊடாகக் கொடுத்தால் தடித்த நீலப் பொறி, படபடவென்று. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. நான் ஒரு அடி முன்னே போனேன்.

“பொறி பெரிசானால் பெற்றோல் முழுதாக எரியும். முழுதாக எரிந்தால் கொஞ்சம் போதும். கொஞ்சம் போதுமானால் மிச்சம். மூன்றில் ஒரு பங்கு மிச்சம்!” என்றார் அவர்.

இதில் எங்கே பிழை கண்டுபிடிப்பது? ஒன்றிலிருந்து ஒன்று, கந்தோர்க் கோவை மாதிரி, ஒழுங்காகப் போனது.

“வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படி அறிவது?” என்று கூர்மையாகக் கேட்டேன்.

“சிவப்பு வெளிச்சம் எரியும் ஐயா. சிவப்பு எரிகிறவரைக்கும் உங்கள் பெற்றோல் மிச்சமாகிறது.”

“எரியாவிட்டால்?”

“அப்படி நடந்ததே இல்லை.”

இதைவிடத் திருப்தியான பதில் வேறென்ன வேண்டும்? ரசீது கேட்டேன். தயங்காமல் எழுதித் தந்தார். ரசீது தருகிறவன் ஏமாற்ற மாட்டான் என்பது அந்தக் காலத்தில் என் உறுதியான நம்பிக்கை.

துண்டுப்பிரசுரத்தில் பெட்டியைப் பூட்டும் முறையோடு சில அறிவுரைகளும் இருந்தன. பிளக்குகளைச் சுத்தம் செய்யவும். ரயர்களுக்குச் சரியாகக் காற்றடிக்கவும். வேகமாக ஓட்ட வேண்டாம். தேவையற்ற பாரத்தை இறக்கிவிடவும். எங்கே நின்றாலும் எஞ்சினை நிறுத்திவிடவும். ஊருக்கு வந்து எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் செய்து, கந்தோருக்குப் போய்வந்து பார்த்தேன். உண்மையிலேயே பெற்றோல் மிச்சமானது!

பெட்டி இல்லாமல் அந்த அறிவுரைகளை மட்டும் செய்திருந்தாலும் அதே அளவு மிச்சமாகியிருக்கும் என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் உறைத்தது. அந்த மனிதர் துண்டுப்பிரசுரத்தை மட்டும் விற்றிருந்தால் அவரை நான் இன்றும் வணங்குவேன்.

மாமா லேசில் நம்பவில்லை. “இதுக்குள்ள என்ன மனே இரிக்கு?” என்று பெட்டியைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். தீர்த்தத்தன்று காரில் மண்டூருக்குப் போய் வருவது. சொன்ன அளவு பெற்றோல் மிச்சமானால் கார் வீட்டில் நிற்கும். மிச்சமாகாவிட்டால் மறுநாளே ஏறாவூருக்குப் போகும்.

“ஓம் மாமா. ஆனா இத முறைப்படி செய்யவேணும்,” என்றேன்.

முறைப்படி செய்வதென்றால் எனக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஒரு மூங்கில் குச்சியைச் சீவி எடுத்தேன். புறப்படுமுன் அதைப் பெற்றோல் தாங்கிக்குள் விட்டு, ஈரம் நிற்கும் இடத்தில் கத்தியால் ஒரு வெட்டு. திரும்பி வரும்போது எவ்வளவு பெற்றோல் எஞ்சியிருக்க வேண்டுமோ அந்த இடத்தில் கீழே இன்னொரு வெட்டு. வீட்டுக்கு வந்ததும் மாமா தன் கையால் குச்சியை விட வேண்டும். கீழ் வெட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் கார் தேறியது. ஈரம்தான் கணக்கு, வேறு வாதம் எதுவும் கிடையாது.

மாமாவுக்கும் ஒரு சட்டம் போட்டேன். அவர் முன்சீட்டில் மேற்பார்வையாளராக வருவார். மேற்பார்வையாளர், பரீட்சை முடியும்வரை சாரதியோடு ஒரு வார்த்தையும் பேசக்கூடாது.

“ஒரு வார்த்தையும்?”

“ஒரு வார்த்தையும்.”

“நல்ல சட்டம்,” என்று மாமா மிகவும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தை நான் அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும்.

தீர்த்தத்தன்று காலையில் தேவையற்ற பாரத்தை இறக்கினேன். மாற்றுச் சக்கரம், ஜாக்கி, ஸ்பானர்கள் கிடந்த ஆயுதப் பெட்டி எல்லாம் முற்றத்துக்கு வந்தன. கடைசியாக, முன்பக்கத்தில் செருகி எஞ்சினைக் கையால் சுழற்றுகிற ஹாண்டில் கம்பி. நல்ல இரும்பு, நல்ல பாரம். அதையும் வேலியோரம் சாய்த்து வைத்தேன்.

சேவலின் காலைக் கட்டி மடியில் வைத்தபடி மாமி ஏற்கெனவே பின்சீட்டில் இருந்தார்.

“சாவலே,” என்றார். “அந்த வளைஞ்ச கம்பி காரோட வந்த கம்பி. தேவையில்லாட்டி வெள்ளக்காரன் அத வெச்சுத் தந்திரிப்பானா?”

“எல்லாம் கணக்குப் பாத்துத்தான் செய்யிறது,” என்று நான் ஸ்டியறிங் சக்கரத்துக்கு அறிவித்தேன்.

பரமேஸ்வரி புதுச்சேலை உடுத்து, தலையில் பூவோடு வந்து கதவைத் திறந்தாள்.

“நீ வரேலாது,” என்றேன்.

“ஏன்?”

“அம்மாவுக்கு நேர்த்தி. அப்பா மேற்பார்வை. நான் சாரதி. நீ சும்மா பாரம்.”

(இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்றுவரை தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.)

எனக்கும் மாமிக்கும் இடையில் இருந்த ஒரே மொழிபெயர்ப்பாளரை இப்படித்தான் நான் முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனேன். இனி இருந்தது சேவல் மட்டும்.

கல்முனை வீதியில் தெற்கே போனோம். எஞ்சினுக்குக் கேட்காதபடி நடந்துபோவது போல ஓட்டினேன். பெட்டியின் சிவப்புக் குமிழை, எஞ்சினுக்கு மேலுள்ள போனற்றைத் திறந்துதான் பார்க்க முடியும். ஆனால் ஸ்டியறிங்குக்கு முன்னால், மைல்கணக்குக் காட்டும் வட்டத்திலும் ஒரு சிறிய சிவப்பு வெளிச்சம் எரிந்தது. வழமையில் கார் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடுகிற வெளிச்சம். இன்று அணையவே இல்லை. பெட்டி அவ்வளவு உற்சாகமாக மிச்சம் பிடிக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

“சாவலே, முன்னால ஒரு சிவப்பு எரியுது பாத்தியா? இத்தின வரிசமா இந்தக் காரில போறன். கார் ஓடக்குள்ள அது எரிஞ்சு நான் கண்டதில்ல.”

“அது எரியத்தான் வேணும். எரிஞ்சாத்தான் மிச்சம்,” என்றேன் கண்ணாடியிடம்.

மாமா பலமாகத் தொண்டையைச் செருமினார். வீதிப் புழுதி என்று நினைத்து அவர் பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

“எனக்கெண்டா அது ஊராக்கள்ற கண்ணூறு மாதிரித்தான் கிடக்கு சாவலே. வீட்ட போனதும் உப்பும் மிளகாயும் சுத்திப் போடவேணும்.”

செட்டிபாளையத்தில், மீன் பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று எங்களைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தது. மீன்காரர் மாமாவுக்குத் தெரிந்தவர். கொஞ்சத் தூரம் எங்களுக்குப் பக்கத்திலேயே மிதித்தபடி வந்தார்.

“என்ன போடியார், காருக்குச் சுகமில்லையா?”

மாமா சட்டத்தை மதித்துக் கையை மட்டும் உயர்த்தினார். (சாரதியோடுதான் பேசக்கூடாது, மீன்காரரோடு பேசலாம். ஆனால் மாமா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை.)

“பெற்றோல் மிச்சம் பிடிக்கிறம்,” என்றேன் நான்.

“நானும் அதத்தான் செய்யிறன் ஐயா. இந்தச் சைக்கிளுக்கு இதுவரைக்கும் ஒரு சொட்டு ஊத்தினதில்ல,” என்று சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டு முன்னே போய் மறைந்தார்.

சேவல் கூவியது. மாமி அதன் தலையைத் தடவி, “சிரிக்காத, பாவம்,” என்றார்.

வீதியில் மாடு குறுக்கே வந்தால் எஞ்சினை நிறுத்தினேன். தெரிந்தவர் மறித்துப் பேசினால் நிறுத்தினேன். காவடி போனால் நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. நாவற்குடாவில் குதிரை கனைப்பது போல இருந்தது, களுதாவளையில் ஆட்டுக்குட்டி கத்துவது போல ஆயிற்று. குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கிற பாதையில் காரை ஏற்றும்போது யாரோ பல்லைக் கடிப்பது போல் மட்டும் கேட்டது. பாதை என்றால் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த மிதவை. மனிதர், மாட்டுவண்டில், கார் எல்லாம் அதில்தான் அக்கரைக்குப் போகும். ஏற்றியதும் வழமைபோல எஞ்சினை நிறுத்தினேன். பெட்டியை நிறுத்தவில்லை. அதை நிறுத்தச் சொல்லித் துண்டுப்பிரசுரத்தில் இல்லை.

நல்ல காற்று. வாவித் தண்ணீர் வெயிலில் மினுங்கியது. தீர்த்தத்துக்குப் போகிற சனம் காரைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது. மாமி யன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தார். காரில் உட்கார்ந்தபடி வாவியைக் கடப்பது அவருக்கு வருடத்தில் ஒருநாள் கிடைக்கிற ராசாத்தி வேலை. இதுவே கடைசித் தடவையாகலாம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “நல்லாப் பாத்துக்கொள் சாவலே,” என்று மட்டும் சொன்னார்.

மண்டூர்க் கரை வந்தது. பலகை போட்டார்கள். நான் சாவியைத் திருப்பினேன்.

டிக்.

மறுபடி திருப்பினேன். டிக்கும் இல்லை. முன்னாலிருந்த சிவப்பு வெளிச்சம் செத்துக் கிடந்தது.

“ஹாண்டிலப் போட்டுச் சுத்துங்க ஐயா,” என்றார் பாதைக்காரர்.

ஹாண்டில் கம்பி நாவற்குடாவில் வேலியோரம் சாய்ந்து நின்றது.

“சாவலே,” என்றார் மாமி மெதுவாக, “நீ ஒண்டும் செல்லாத.”

பின்னால் மாட்டுவண்டில்காரர் சத்தம் போட, சனம் ஒன்றுசேர்ந்தது. மாமா குடையோடு இறங்கிக் கரையில் போய் நின்றுகொண்டார். மேற்பார்வையாளர் தள்ளலாமா என்பதற்கு நான் சட்டம் வைக்கவில்லை. அதனால் அவர் தள்ளவில்லை. “அரோகரா!” என்று ஒரு பெரிய சத்தம். முருகனுக்குக் காவடி எடுக்க வந்த அத்தனை பேரும் மொறிஸ் மைனரைத் தள்ளினார்கள். பலகையைத் தாண்டிக் கரை மேட்டில் பாதித் தூரம் ஏறிவிட்டது. ஓடுகிற காரைக் கியரில் போட்டால் எஞ்சின் பற்றும் என்பது முறை. போட்டேன். பற்றரியில் உயிரே இல்லாவிட்டால் எந்த முறையும் பலிக்காது. கார் ஒரு முட்டு முட்டி நின்றது. தள்ளியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். இன்னொரு தரம் முயற்சிப்போம் என்று கிளச்சை அமுக்கினேன்.

கார் பின்னால் உருளத் தொடங்கியது. நானோ, அணைந்துபோன சிவப்பு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரியாவிட்டால் என்ன செய்வது என்று புறக்கோட்டைக்காரர் சொல்லவில்லையே!

அப்போதுதான் அது நடந்தது.

“தம்பி! பிரேக்க மிதியுங்க தம்பி!”

சேவலுக்கல்ல, சீற்றுக்கல்ல, எனக்கு. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் மாமி என்னிடம் நேரே பேசியிருக்கிறார். நல்ல குடும்பத்தில் வளர்ந்த மருமகன் என்ன செய்வான்? நான் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியறிங்கை விட்டுவிட்டு, உடம்போடு முழுவதும் பின்பக்கம் திரும்பி, மிகவும் பணிவாக, “என்ன மாமி?” என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் பின்சக்கரங்கள் வாவிக்குள் போய்விட்டன.

மண்டூர்க் கரையில் வாவி ஆழமில்லை. கார் குந்துவது போலப் பின்பக்கத்தை இறக்கி, முகத்தை வானத்துக்குக் காட்டியபடி நின்றது. தண்ணீர் பின்சீட்டு வரைக்கும் வந்தது. மாமி மூலையில் அசையாமல் இருந்தார். சேவல் அவர் தோளில் ஏறி நின்றது. திறந்த வாயோடு நான் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தன் தலையில் தெளித்தார், சேவலுக்கும் தெளித்தார், கடைசியாக எனக்கும் தெளித்தார்.

“சரி. தீர்த்தமாடியாச்சு,” என்றார். “காரும் ஆடிற்று.”

கரை முழுக்க “அரோகரா!” என்று அதிர்ந்தது.

பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிற கோயில் மண்டூர்க் கோயில். அப்படிப்பட்ட தலத்தின் கரையில் என் மாமியின் வாய் திறந்தது. பிறகு மூடவே இல்லை.

மாமா குடையோடு தண்ணீரோரம் வந்து நின்றார்.

“மருமகன், இப்ப பேசலாமா?”

“பேசுங்க மாமா.”

“அந்தச் சிவப்பு வெளிச்சம் பற்றரிக்குக் கரண்ட் ஏறல்ல எண்டு காட்டுறது. ஆறுதலா, மெல்ல மெல்ல ஓடினா டைனமோ கரண்ட் குடுக்காது. போதாததுக்கு உங்கட பெட்டி வேற குடிச்சிரிக்கு. செட்டிபாளையத்திலயே செல்லியிரிப்பன். சட்டம் விடல்ல.”

பெற்றோலை மிச்சம் பிடிக்க மின்சாரம். மின்சாரத்துக்கு டைனமோ. டைனமோவைச் சுற்ற எஞ்சின். எஞ்சினுக்குப் பெற்றோல். ஒன்றிலிருந்து ஒன்று, கந்தோர்க் கோவை மாதிரி, சுற்றி வந்து அதே மேசையில் நின்றது.

நேர்த்தி நிறைவேறியது. ஈரச் சேவல் கோயிலில் கொண்டுபோய் விட்டதும் ஊர் முழுக்கக் கேட்கக் கூவியது. காரை வெளியே இழுக்க மாமாவின் வட்டையிலிருந்து ஒரு சோடி எருமை வந்தது. “எருமையிலதான் நான் வரப்போறன் எண்டு அண்டைக்கே கேட்டனே!” என்றார் மாமி. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்! பிறகு மாமாவுக்குத் தெரிந்த ஒருவரின் உழவு இயந்திரம் எங்களைப் பாதைக்கும், பாதையிலிருந்து நாவற்குடாவுக்கும் இழுத்துக்கொண்டு போனது. வழி நெடுக மாமி பேசினார். அத்தனை வருடமாக அம்மிக்கும் தூணுக்கும் பாதி பாதியாகச் சொன்னதையெல்லாம் முழுதாகச் சொன்னார். நான் கலியாணத்தன்று வேட்டியைப் பிழையாக உடுத்திருந்தேனாம். அதையும் அன்றுதான் சொன்னார்.

வீட்டு வாசலில் பரமேஸ்வரி நின்றாள். உழவு இயந்திரத்தைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். என் ஈரச் சட்டையைப் பார்த்தாள். “பாரம் இல்லாமலே தண்ணிக்குள்ள தாழ்ந்திரிக்கு,” என்றாள்.

மாமா மறக்கவில்லை. “முறைப்படி செய்வம்,” என்று மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமி பேச்சை நிறுத்திக் காரின் பக்கத்தில் வந்து நின்று, கதவில் கையை வைத்துக்கொண்டார். மாமா குச்சியைத் தாங்கிக்குள் விட்டு மெதுவாக எடுத்தார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். கீழ் வெட்டைத் தடவினார். மேல் வெட்டைத் தடவினார்.

ஈரம் மேல் வெட்டையும் தாண்டி நின்றது.

நாங்கள் புறப்பட்டபோது இருந்ததைவிடத் தாங்கியில் இப்போது கூடுதலாக இருந்தது. பின்பக்கம் வாவிக்குள் குந்தியிருந்த நேரத்தில், இறுக்கமில்லாத மூடியால் வாவி உள்ளே போயிருக்கிறது. மாமா குச்சியை மணந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஈரம்தான் கணக்கு எண்டா சட்டம்?”

“ஓம் மாமா,” என்றேன்.

“வேற வாதம் இல்ல?”

“இல்ல.”

அவர் குச்சியை மாமியின் கையில் கொடுத்தார். “அப்ப கார் தேறிற்று. ஏறாவூருக்குச் செல்லி அனுப்பிறன்.” திரும்பிப் போகும்போது அவர் தோள்கள் குலுங்கியதைப் பார்த்தேன். பெற்றோல் மிச்சம் பிடிக்கிற காரை எவரும் விற்கலாம், பெற்றோல் ஊற்றெடுக்கிற காரை எப்படி விற்பது என்று பிறகு தன் சிநேகிதர்களிடம் கேட்டாராம்.

காருக்கு மாதக்கணக்கில் வைத்தியம் நடந்தது. ஆனால் பிழைத்தது. அதற்குப் பிறகு வருடத்தில் சில நாட்கள்தான் வெளியே போகும். தீர்த்தத்துக்கு மட்டும் தவறாது. ஹாண்டில் கம்பி ஏறியிருக்கிறதா என்று மாமி தானே பார்த்த பின்புதான் ஏறுவார். பெட்டியை நான் கழற்றி உடைத்துப் பார்த்தேன். உள்ளே இறுகிய தார், ஒரு கம்பிச்சுருள், சிவப்புக் குமிழ். வேறொன்றும் இல்லை. பொய் சொல்லாத ஒரே பகுதி அந்தக் குமிழ்தான். கரண்ட் கொடுத்தால் அது எரியும்.

மாமி கடைசிவரை என்னோடு நேரேயே பேசினார். ஊரில் சிலர் அதைக் குறையாகச் சொன்னபோது, “தண்ணிக்குள்ள இறக்கினவனோட பேசாம ஆரோட பேசிற?” என்று கேட்டு அவர்களின் வாயை அடைத்துவிட்டார்.

போன மாதம் என் மருமகன் புதிதாக ஒரு சாமான் வாங்கி வந்தான். காரில் சிகரெட் பற்றவைக்கிற துவாரத்தில் செருகினால் எரிபொருள் மிச்சமாகுமாம். “நீல வெளிச்சம் எரியும் மாமா,” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் மேற்பார்வையாளர். அவன் காரில் ஏறி உட்கார்ந்தான். குசினி யன்னலில் பரமேஸ்வரியின் முகம் தெரிந்தது. மருமகனோடு நாள் முழுவதும் வாய் ஓயாமல் பேசுகிறவள், வேண்டுமென்றே மறுபக்கம் திரும்பி, ஒரு கோழிகூட இல்லாத வெறும் முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“சாவலே, வெளிச்சம் என்ன நிறம் எண்டு கேளு!”

கலியாணத்தன்றே இந்தக் கதையை முழுக்கக் கேட்டிருந்த பையன், ஸ்டியறிங்கை இறுகப் பிடித்தபடி நேரே முன்னால் பார்த்துக்கொண்டு கத்தினான்.

“நான் திரும்பிப் பாக்கமாட்டன் மாமி! கால் பிரேக்கிலதான் இரிக்கு!”